பழைய வெந்நீர்க் கலம்: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

வீட்டில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் ஒரு சாதனத்தை எப்பொழுது கழித்துவிடலாம் என்ற கேள்வி, கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்களிடமும் பள்ளி ஆசிரியர்களிடமும் அடிக்கடி கேட்கப்படுவதாகும். கேட்பவர்கள் பெரும்பாலும் சாதனத்தின் வயதைச் சொல்லிவிட்டு விடையை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வயதை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. அந்தச் சாதனம் எந்த எரிபொருளால் இயங்குகிறது, அது எங்கே எரிக்கப்படுகிறது, வீட்டார் அதனை எவ்வாறு உபயோகிக்கின்றனர் என்பவற்றையும் அறிய வேண்டும். வெந்நீர் போடும் கலத்தை உதாரணமாகக் கொண்டு, அந்தமானிலுள்ள ஹேவ்லாக் தீவின் நிலைமையில் இதனை ஆராய்வோம்.

ஹேவ்லாக் தீவு (2018 டிசம்பர் முதல் இதன் பெயர் ஸ்வராஜ் த்வீப்) பூமத்திய ரேகைக்கு வடக்கே 12-வது பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் உஷ்ணநிலை 23 டிகிரிக்கும் 31 டிகிரிக்கும் இடையிலேயே பெரும்பாலும் நிற்கிறது. அறையைச் சூடாக்க வேண்டிய அவசியம் அங்கு எவருக்கும் ஏற்படுவதில்லை. ஆயினும் வெந்நீர் தேவைப்படுகிறது. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை விட்டுவிட்டுப் பெய்யும் ஊர் அது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வெந்நீர் வேண்டும். அன்றியும், ராதாநகர்க் கடற்கரையைக் காண வரும் யாத்ரிகர்கள் தங்கும் விடுதிகள் பல அங்கு ஏற்பட்டுவிட்டன. அறைக்கு ஒரு கீஸர் என்பது விடுதிக்காரர் பலர் ஏற்றுக்கொண்ட வழக்கமாகிவிட்டது. அவற்றுள் பல பழையவை. அவற்றை மாற்ற வேண்டுமா என்பதுதான் நம் முன் உள்ள பிரச்சினை.

இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளில், "கொதிகலனுக்குப் பதினைந்து ஆண்டாகிவிட்டால் மாற்றிவிடுக" என்பது போன்ற வாக்கியம் அடிக்கடி வருகிறது. இத்தகைய வாக்கியத்தைத் தமிழாக்குவதில் மொழிபெயர்ப்பாளனுக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. சொல்லுக்குச் சொல் சரியாக வந்துவிடும்; ஹேவ்லாக்கில் அதைப் படிப்பவர் மட்டும் வீணாகப் பணம் செலவிட நேரும். ஏன் என்பதை அறிய, அந்த நாடுகளில் கொதிகலன் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீட்டுக்கு ஒரு கொதிகலன் இருக்கும். பெயர் கொதிகலன் என்றாலும் அதில் நீர் கொதிப்பதில்லை. எரிவாயுவைக் கொண்டு நீரைச் சுமார் 70, 80 டிகிரி வரை சூடாக்கி, குழாய்களின் வழியே அறைகளுக்கு அனுப்பி, குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருப்பதே அதன் பணி. எரிந்த வாயு புகைப்போக்கி வழியாக வெளியேறுகிறது. பழைய கொதிகலன்களில் இந்தப் புகை மிகுந்த சூட்டுடன் வெளியேறியது. போகும்பொழுது நீராவியையும் உடன்கொண்டு சென்றது. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோகிராம் நீராவி உண்டாகிறது. ஒரு கிலோகிராம் நீராவி நீராகக் குளிரும்பொழுது சுமார் 2,300 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. இதனையே மறை வெப்பம் என்று பாடப்புத்தகங்களில் படிக்கிறோம். புகையைச் சுமார் 55 டிகிரிக்குக் கீழ் குளிரவைத்து இந்த வெப்பத்தையும் கவர்ந்துகொள்ளும் புதிய வகைக் கொதிகலன்கள் பின்னர் வந்தன. 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள் பொதுவாக இவ்வகையைச் சேர்ந்தவையாகவே இருத்தல் வேண்டும் என்று விதி ஏற்பட்டது. எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 70 பங்கையோ அதற்கும் குறைவாகவோ பயன்படுத்திய இடத்தில் ஏறக்குறைய 90 பங்கைப் பயன்படுத்த முடிகிறது. ஆகவே அங்கு பழையதை மாற்று என்பது நியாயமான ஆலோசனை. புகைப்போக்கி வழியே போய்க்கொண்டிருந்த செல்வம் வீட்டுக்குத் திரும்புகிறது.

இப்பொழுது ஹேவ்லாக்கிலுள்ள கீஸரைப் பார்ப்போம். அதற்குப் புகைப்போக்கி எங்கே?

கீஸரில் மின்சாரக் காயில் நீருக்குள் மூழ்கியிருக்கிறது. அதில் பாயும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகி நீரைச் சேர்கிறது. இருபது ஆண்டுப் பழைய காயிலாயினும், நேற்று வாங்கிய காயிலாயினும் இதில் பேதமில்லை. காயிலின்மேல் சுண்ணாம்பு படிந்துவிட்டால் மின்சாரம் அதிகம் செலவாகும் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். பவள மணலில் தோண்டிய கிணறுகளின் நீர் கடினநீராதலால் இப்படிவு எளிதில் ஏற்படும் என்பது உண்மையே. ஆனால் நீருக்குள் இருக்கும் காயிலின் வெப்பம் நீரைத் தவிர வேறு எங்கும் போக வழியில்லை. படிவினால் மின்சாரம் வீணாவதில்லை. காயில்தான் உள்ளே அளவு மீறிச் சூடாகி விரைவில் கருகிவிடுகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் முற்காலத்தில் புழங்கிய செம்புப் பாய்லரின் விஷயம் வேறு. நடுவிலுள்ள குழாயில் கரி எரிய, சுற்றிலும் நீர் நிற்கும் அக்கலத்தில் உப்புப் படிந்தால், நீரைச் சேர வேண்டிய வெப்பம் குழாயின் மேல்வாய் வழியாகவே போய்விடும். ஆகவே பாய்லரைத் தேய்த்துக் கழுவினால் எரிபொருள் மிச்சமாகும். கீஸரைக் கழுவினால் காயில் மிச்சமாகும்.

வீட்டிலுள்ள கீஸருக்குப் புகைப்போக்கி இல்லையே தவிர, ஹேவ்லாக்கின் மின்சாரத்துக்குப் புகைப்போக்கி உண்டு. அது மின் நிலையத்தில் இருக்கிறது. தீவின் மின்சாரம் பெரும்பாலும் டீசல் யந்திரங்களால் உற்பத்தியாவது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடல் வழியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். தீவுகளுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதும் பெருநிலத்திலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். ஹேவ்லாக்குக்கு மற்றொரு முறை கடல் கடக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள வெப்பம் சுமார் 10 யூனிட். அதிலிருந்து நல்ல யந்திரம் ஒன்று மூன்றரை யூனிட் மின்சாரம் தரும். கம்பிகளில் ஏற்படும் இழப்பு போக, வீட்டை வந்தடைவது ஏறக்குறைய 3 யூனிட். எஞ்சிய 7 யூனிட் பெரும்பாலும் மின் நிலையத்தின் புகையோடும், யந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. கீஸர் எவ்வளவு புதியதாயினும் அந்த 7 யூனிட்டை மீட்க அதனால் இயலாது.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். 26 டிகிரியில் உள்ள 18 லிட்டர் நீரை 40 டிகிரிக்குச் சூடாக்க, 18-ஐ 14-ஆல் பெருக்கி, மீண்டும் 4.2-ஆல் பெருக்க வேண்டும். விடை சுமார் 1,060 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல் ஆதலால், ஒரு வாளிக்கு 0.3 யூனிட் ஆகிறது. டீசலில் சொன்னால் 100 மில்லிலிட்டர், அதாவது அரைத் தம்ளர். இவ்வாறு ரூபாயை விட்டு டீசலில் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. அந்தமானில் வீட்டு உபயோகத்துக்கு வசூலிக்கப்படும் மின் கட்டணம் உற்பத்திச் செலவில் ஒரு பகுதியே. எஞ்சியதை அரசாங்கம் ஏற்கிறது. ஆகவே மின்சார பில்லைப் பார்த்து இந்தச் சாதனம் நாட்டுக்கு என்ன செலவு வைக்கிறது என்பதை அறிய முடியாது.

காத்திருக்கும்பொழுது ஏற்படும் இழப்பு

அவ்வாறாயின் புதிய கீஸரால் பயனே இல்லையா? ஒரு பயன் உண்டு. சூடான நீர் உபயோகத்துக்குக் காத்திருக்கும்பொழுது அதன் வெப்பம் கலத்தின் சுவர் வழியே மெல்ல வெளியேறுகிறது. பழைய கலங்களில் உட்கலத்துக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். ஈரக்காற்றில் அது நனைந்தும் அமுங்கியும் போயிருக்கும். புதியவற்றில் நுரைபோன்ற பிளாஸ்டிக் ஊற்றப்பட்டிருப்பதால் வெப்பம் நன்கு காக்கப்படுகிறது. எரிசக்திச் சிக்கன ஆணையத்தின் நட்சத்திர முத்திரையில் 5 நட்சத்திரம் பெற்ற கீஸர் என்றால், இந்தக் காத்திருப்பு இழப்பு அதில் மிகக் குறைவு என்று பொருள். முத்திரை கூறுவது இதனை மட்டுமே என்பதைக் கடைக்காரர்கள் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த இழப்பை அளக்க ஒரு கடிகாரமே போதும். இரவில் கீஸரைப் போட்டு, விளக்கு அணைந்து நீர் முழுச் சூட்டை அடைந்ததும் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். நீரைத் தொடக் கூடாது. 12 மணி நேரம் சென்றபின் மீண்டும் சுவிட்சைப் போட்டு, விளக்கு எத்தனை நிமிடத்தில் தானாக அணைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கீஸர் 2 கிலோவாட் சக்தியுடையது, 18 நிமிடம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ 18-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 0.6 யூனிட். இரவில் இழந்த வெப்பம் இதுவே. நாள் முழுவதற்கும் 1.2 யூனிட்டுக்குக் குறையாது. நீர் ஆற ஆற இழப்பின் வேகமும் குறைகிறது என்ற நியூட்டனின் விதியை நினைவுகூர்ந்தால், இரவும் பகலும் சூடாகவே வைத்திருக்கும் கீஸரில் இழப்பு இதனினும் சற்று அதிகம் என்பது விளங்கும். தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக ஒரே உஷ்ணநிலையில் நிற்பதில்லை. ஆதலால் இச்சோதனையை மூன்று இரவுகள் செய்து சராசரி எடுப்பது நலம்.

அதே அளவுள்ள புதிய கீஸரில் இழப்பு நாளொன்றுக்கு 0.5 யூனிட் எனக் கொண்டால், வித்தியாசம் 0.7 யூனிட். ஆண்டுக்குச் சுமார் 255 யூனிட். டீசலில் 85 லிட்டர். இது சிறு தொகையன்று. ஆனால் இந்தக் கணக்கு, சுவிட்சை என்றுமே அணைக்காத வீட்டுக்குத்தான் பொருந்தும். 15 லிட்டர் நீரை 30 டிகிரி உயர்த்த 2 கிலோவாட் கீஸருக்கு 16 நிமிடம் போதும். குளிப்பதற்குக் கால் மணிக்கு முன்னால் போட்டு, குளிக்கப் புகும்பொழுது அணைத்துவிடுகிற வீட்டில் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 20 யூனிட்டைக்கூட எட்டுவது அரிது. 20 யூனிட்டுக்காகப் புதிய கீஸர் வாங்கிக் கப்பலேற்றுவது சிக்கனமாகாது. அவ்வீட்டாருக்குச் சுவிட்சே ஐந்து நட்சத்திரம்.

மாற்றியே தீர வேண்டிய நிலைமைகள்

இதுகாறும் கூறியது செலவைப் பற்றியது. ஆபத்தைப் பற்றிய விஷயத்தில் செலவுக் கணக்குக்கு இடமில்லை. நீராவி உண்டாக்கும் பெரிய கொதிகலன்களை அரசாங்க ஆய்வாளர் வந்து பார்வையிடுவார். 1923-ஆம் ஆண்டின் சட்டமும், அதன் இடத்தில் வந்துள்ள 2025-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டமும் அதற்காகவே ஏற்பட்டவை. வீட்டுக் கீஸருக்கு ஆய்வாளர் எவரும் வரமாட்டார், வீட்டுக்காரரே ஆய்வாளர்.

கீஸரின் அடியிலுள்ள பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டுகிறது என்ற புகாரைக் களப்பணியாளர்கள் நிச்சயம் கேட்டிருப்பார்கள். "கீஸர் பழசாகிவிட்டது, ஒழுகுகிறது" என்பார்கள். சில இடங்களில் அந்தத் துவாரத்தில் குச்சியைச் செருகி அடைத்தும் விடுகிறார்கள். நீர் 26 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்பொழுது அதன் பருமன் நூற்றுக்கு 1.4 பங்கு பெருகுகிறது. 15 லிட்டர் கலத்தில் இது 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு தம்ளர். நீர் வரும் குழாயில் எதிரடைப்பான் இருந்தால், பெருகிய நீர் வெளியேற வேறு வழியில்லை. ஆகவே சூடாகும்பொழுது ஒரு தம்ளர் அளவு சொட்டுவது வால்வு ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளம். அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் பழுதாகி அணையாமற்போனால், நீர் அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடேறும். கலம் எங்கேனும் விண்டவுடன் அந்த நீரில் ஒரு பகுதி கணப்பொழுதில் ஆவியாகும். ஆவியின் பருமன் நீரின் பருமனைப்போல் சுமார் 1,600 மடங்கு. குளியலறைச் சுவரைத் தகர்க்க அது போதும். குச்சி செருகிய கீஸரைக் காணும் பணியாளர் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்னரே பேச வேண்டும். சூடாகாத வேளையிலும் வால்வு ஓயாது சொட்டினால் வால்வை மாற்ற வேண்டும். அதற்காகக் கீஸரை மாற்ற வேண்டுவதில்லை.

உட்கலமே ஒழுகினால் நிலைமை வேறு. எஃகுக் கலத்தின் உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூசி, உள்ளே ஒரு மக்னீஷியத் தண்டையும் வைத்திருப்பார்கள். எனாமலில் கீறல் விழுந்த இடத்தில் எஃகு அரிக்கப்படுவதற்குப் பதிலாக இத்தண்டு தன்னைக் கரைத்துக்கொள்கிறது. கரைந்து தீர்ந்தபின் எஃகின் முறை வருகிறது. கடலோரக் கிணறுகளில் உவர் ஏறிய நீரில் இது வேகமாக நிகழும். துருப்பிடிக்காத எஃகும் சூடான உவர்நீரில் ஊசித்துளை விழாமல் தப்புவதில்லை. ஆண்டுக்கொருமுறை தண்டைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் புதியதை இடுவது, ஒரு கீஸரின் ஆயுளை நீட்டிக்க மிக மலிவான வழி. இவ்வளவு எளிய காரியத்தைச் செய்பவர்கள் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது. உட்கலத்தில் துளை விழுந்தபின் பற்றவைத்தாலும் நிற்காது. அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

நீரைத் தொட்டால் சுறுசுறுவென்று உணர்வு தோன்றினால் கீஸரை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். காயிலின் உறை வெடித்து மின்சாரம் நீரில் கசிகிறது என்பதே பொருள். காயிலை மாற்றினால் போதும். ஆனால் எர்த் கம்பி சரியாக உள்ளதா என்று பார்க்காமலும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்புச் சுவிட்சைப் பொருத்தாமலும் அதை மீண்டும் இயக்கலாகாது. மின்சாரத்துக்குப் பதில் சமையல் வாயுவால் எரியும் கீஸரை வாங்குவோரும் உளர். டீசல் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் எரிபொருள் மிச்சம் என்பது மெய்யே. ஆனால் காற்றோட்டமற்ற குளியலறைக்குள் அதனை வைத்தால், மணமும் நிறமுமற்ற கார்பன் மானாக்சைடு சேர்ந்து குளிப்பவரை மயங்கச் செய்து கொன்றுவிடும். அதை வைக்க வேண்டிய இடம் வெளிச்சுவர்.

வகையையே மாற்றுவது

பழைய கீஸரின் இடத்தில் புதிய கீஸர் வைப்பதால் மின் நிலையத்தில் போகும் 7 யூனிட் மீளாது என்று கண்டோம். அதனை மீட்க வேண்டுமானால் வெந்நீர் போடும் முறையையே மாற்ற வேண்டும். வெப்பப் பம்பு எனப்படும் சாதனம் குளிர்பதனப் பெட்டியின் தத்துவத்தைத் தலைகீழாகக் கையாண்டு, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து நீரில் சேர்க்கிறது. ஹேவ்லாக் போன்ற வெப்பமான, ஈரமான காற்றில் 1 யூனிட் மின்சாரத்துக்கு அது ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் தரும். ஒரு லிட்டர் டீசலிலிருந்து வீட்டுக்கு வரும் 3 யூனிட், 9 யூனிட் வெப்பமாகிறது. எண்ணெயில் முதலில் இருந்த 10-க்கு இது அநேகமாகச் சமம். குளிர்நாட்டினர் புகைப்போக்கியில் மீட்டதை இத்தீவினர் காற்றிலிருந்து மீட்கிறார்கள். விலை அதிகம்; உப்புக்காற்று அதன் செப்புச் சுருளையும் அலுமினியத் தகடுகளையும் அரிக்கும்; பழுதுபார்ப்பவர் கப்பலேறி வர வேண்டியிருக்கும். இருவர், மூவர் உள்ள குடும்பத்துக்கு இது ஏற்றதன்று.

சூரிய வெப்பத்தால் இயங்கும் சாதனத்துக்கு டீசலே வேண்டுவதில்லை. 100 லிட்டர் நீரை 30 டிகிரி உயர்த்துவது மூன்றரை யூனிட்டுக்குச் சமம். தெளிந்த வானமுள்ள நாளில் சுமார் 2 சதுர மீட்டர்த் தகடு இவ்வேலையைச் செய்துவிடும். ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் வானம் மூடியிருக்கும். வெந்நீர் அதிகம் விரும்பப்படுவதும் அம்மாதங்களில்தான். தென்னந்தோப்பு உடைய குடியானவருக்கோ மட்டையும் சிரட்டையும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. ஒரு கிலோ உலர்ந்த மட்டையில் சுமார் 4 யூனிட் வெப்பம் உண்டு. பாதி வீணானாலும் ஆறு வாளி நீர் சூடாகும். அவர் வீட்டில் பழைய செம்புப் பாய்லர் ஒன்று இருக்குமானால் அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுமாறு எவரும் யோசனை கூற வேண்டாம். மட்டையை மழைக்கு முன் உலர்த்திக் கூரையடியில் அடுக்கி வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியை ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அறைக்கொன்றாக எட்டுப் பழைய கீஸர்கள். ஒவ்வொன்றும் 2 கிலோவாட். காலை ஆறு மணிக்கு எல்லா யாத்ரிகர்களும் சுவிட்சைப் போட்டால் 16 கிலோவாட் சுமை ஒரே சமயத்தில் டீசல் யந்திரத்தின்மேல் விழுகிறது. அறை காலியான பிறகும் சுவிட்ச் அணைக்கப்படுவதில்லை. இவ்விடுதிக்காரருக்குக் கூறக்கூடியது இது: முதலில் எட்டுக் கலங்களையும் கழற்றிப் பார்த்து, உட்கலம் ஒழுகுபவற்றை மட்டும் கழித்துவிடுக, மற்றவற்றில் வால்வு, தண்டு, தெர்மோஸ்டாட், எர்த் ஆகியவற்றைச் சரிசெய்க, அறைகளின் மின்சாரத்தை விருந்தினர் வெளியேறும்பொழுது துண்டிக்கும் சாவிச் சுவிட்சை வைத்துக்கொள்க. கழித்தவற்றின் இடத்தை நிரப்பப் புதிய கீஸர் வாங்குவதற்கு முன்னால், கூரைமேல் சூரியத் தகடு வைத்து இரண்டு மூன்று அறைகளுக்குக் குழாய் இழுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியுமானால் சூரியக் கலத்திலிருந்து வரும் நீரை அறையிலுள்ள பழைய கீஸரின் வழியாகவே செலுத்தலாம். ஆனால் அக்கீஸர் தாங்கக்கூடிய உஷ்ணநிலைக்கு மேல் நீர் வாராதபடி இடையில் தண்ணீர் கலக்கும் வால்வு ஒன்று இருக்க வேண்டும். வெயில் நாளில் தெர்மோஸ்டாட் காயிலை இயக்காது. ஜூலை மாதத்தில் வானம் மூடியிருக்கும் நாட்களில், எத்தனை டிகிரி குறைகிறதோ அத்தனை டிகிரிக்கு மட்டும் அந்தப் பழைய கீஸர் வேலை செய்யும்.